சொத்து மேலாண்மைக்கு வருவோர் முதலில் கணக்கேட்டைத் திறக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேலை வழிகாட்டிப் பக்கத்தில் சொத்து மேலாண்மைத் துறையைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பட்டம் முடித்த இளைஞர்களுக்கும், வேறு துறையிலிருந்து மாற நினைப்பவர்களுக்கும் இப்படியொரு தொழில் இருப்பதை எடுத்துச் சொன்னதற்கு நன்றி. அடுக்ககங்கள் பெருகிவிட்டன; உரிமையாளர் ஓர் ஊரிலும் அவருடைய வீடு வேறோர் ஊரிலும் இருப்பது சாதாரணமாகிவிட்டது; ஆகவே அவற்றைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்ற கட்டுரையாளரின் கணிப்பில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் இத்துறையில் நுழைபவர் முதலில் வளர்த்துக்கொள்ள வேண்டியவையாக அவர் அடுக்கியிருக்கும் பேச்சுத்திறன், ஆள் பழக்கம், வாடிக்கையாளரைப் பிடிக்கும் சாமர்த்தியம் ஆகிய மூன்றும் தரகருக்கு உரியவை. குடியிருப்புகளையும் அலுவலகக் கட்டடங்களையும் நிர்வகிப்பதிலேயே பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில், தொடங்க வேண்டிய இடம் வேறு என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

தரகரின் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்தானதும் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மேலாளரின் வேலை அந்தக் கையெழுத்துக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. மாதந்தோறும் வாடகை வருகிறது. வீட்டைக் காலி செய்யும் நாளில் திருப்பித் தர வேண்டிய முன்பணம் கையிருப்பில் இருக்கிறது. குடியிருப்போர் செலுத்தும் பராமரிப்புக் கட்டணம் சேர்கிறது. பல ஆண்டுகள் கழித்து லிஃப்டை மாற்றவும் மொட்டைமாடிக்கு மீண்டும் நீர்த்தடுப்புப் பூச்சுப் பூசவும் ஒதுக்கி வைத்திருக்கும் சேமநிதியும் இருக்கிறது. இந்தப் பணத்தில் ஒரு காசுகூட மேலாளருக்குச் சொந்தமில்லை. ஆனால் எல்லாமே அவர் கைவழியாகத்தான் போகின்றன. எனவே புதிதாக வருபவருக்கு முதல் பாடம் கணக்கு என்பது என் உறுதியான கருத்து.

இது நானாகக் கண்டுபிடித்த கருத்தன்று. அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்த காலத்தில், கடனைக் கட்ட முடியாதவர்களின் கட்டடங்கள் வங்கிகளிடமும் காப்பீட்டு நிறுவனங்களிடமும் வந்து குவிந்தன. அவற்றை நிர்வகிக்க நம்பகமானவர்கள் தேவைப்பட்டார்கள். அந்தச் சூழலில் 1933-இல் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் ரியல் எஸ்டேட் மேனேஜ்மென்ட்’ என்ற அமைப்பு தோன்றியபோது, அதில் சேர விரும்பிய நிறுவனங்களுக்கு மூன்று நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. வாடிக்கையாளரின் பணத்தைச் சொந்தப் பணத்தோடு கலக்கக் கூடாது; பணத்தைக் கையாளும் ஊழியர்கள் அனைவருக்கும், அவர்கள் மோசடி செய்தால் இழப்பை ஈடுகட்டும் உத்தரவாதப் பிணை இருக்க வேண்டும்; வாடிக்கையாளரின் சொத்தின் பேரில் தனக்குக் கிடைக்கும் கட்டணம், கமிஷன் எதுவாயினும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பேச்சுத்திறனைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. தனிநபர்களுக்குச் சான்றளிக்கும் முறைக்கு அந்த அமைப்பு 1938-இல்தான் வந்தது. பட்டத்துக்கு முன்பே பணத்துக்கு வேலி போட்டுவிட்டார்கள் என்பதை, சான்றிதழ் வகுப்புகளைத் தேடி அலையும் இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்பதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். மாத முடிவில் மூன்று தொகைகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். வாடிக்கையாளர் பணத்துக்கென்று தனியாக வைத்திருக்கும் வங்கிக் கணக்கின் இருப்பு ஒன்று. இதில் நாம் கொடுத்து இன்னும் வங்கிக்குப் போய்ச் சேராத காசோலைகளைக் கழித்து, நாம் போட்டு இன்னும் வரவாகாதவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். நம் பேரேடு காட்டும் இருப்பு இரண்டாவது. ஒவ்வொரு உரிமையாளருக்கும் ஒவ்வொரு வாடகைதாரருக்கும் நாம் தர வேண்டிய தொகைகளைத் தனித்தனியாக எழுதிக் கூட்டினால் வருவது மூன்றாவது. மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் இரண்டும் பொருந்தி மூன்றாவது மட்டும் பொருந்தாவிட்டால், பதிவில் பிழை இருக்கலாம், அல்லது ஒருவருடைய பணத்தில் இன்னொருவருடைய செலவு நடந்திருக்கலாம். ஓர் உரிமையாளரின் வீட்டில் மோட்டார் எரிந்துபோயிருக்கும். அவர் கணக்கில் இருப்பு இருக்காது. மொத்தக் கணக்கில் பணம் இருக்கிறதே என்று பழுதுபார்ப்பவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த மாதம் யாருக்கும் தெரியாது. வேறொரு வீட்டு வாடகைதாரர் காலி செய்துவிட்டு முன்பணத்தைக் கேட்டு வந்து நிற்கும்போதுதான் தெரியும். திருடும் எண்ணமே இல்லாதவர்கள் சிக்கிக்கொள்வது இப்படித்தான். இத்தொழிலில் பெயர் கெட்டவர்களில் கணிசமானோர் இந்த வழியாகப் போனவர்களே. இந்த மூவழிச் சரிபார்ப்பை அனுபவமுள்ள ஒரு கணக்கரின் பக்கத்தில் உட்கார்ந்து சில மாதங்கள் கையால் செய்து பழகியவருக்கு எந்த மென்பொருளும் பிறகு எளிதாக வரும். மென்பொருளிலிருந்து தொடங்கியவருக்குத் திரையில் தெரியும் எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கட்டணம் எப்படி வருகிறது என்பதையும் புதியவர் தொடக்கத்திலேயே புரிந்துகொள்வது நல்லது. வசூலாகும் வாடகையில் இத்தனை விழுக்காடு என்று வாங்கும் நிறுவனம் ஒரு வகை. மாதம் இவ்வளவு என்று நிலையான தொகை வாங்கும் நிறுவனம் இன்னொரு வகை. சில இடங்களில் பழுதுபார்ப்புச் செலவின் மேல் தனியாக ஒரு விழுக்காடும் உண்டு. கடைசியாகச் சொன்ன ஏற்பாட்டில், பழுது கூடக்கூட மேலாளரின் வருமானமும் கூடும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இதற்கு அப்பால், ஒப்பந்தத்தில் எங்கும் எழுதப்படாத ஒன்று இருக்கிறது: பெயின்டரும் பிளம்பரும் லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தின் ஆளும் வேலை கிடைத்த நன்றிக்காக நீட்டும் கவர். சேர்ந்த சில வாரங்களுக்குள் அது புதியவரிடம் வந்துவிடும். வாங்காதவரை ஏளனமாகப் பார்க்கும் அலுவலகங்களும் உண்டு. ஒப்பந்ததாரர் தள்ளுபடி தருவதாக இருந்தால், அது பட்டியலிலேயே குறைந்து உரிமையாளருக்குப் போய்ச் சேரட்டும். 1933-இல் எழுதிய மூன்றாவது நிபந்தனை இதற்காகத்தான் இருக்கிறது. வேலைக்குச் சேரும்போது சம்பளத்தை மட்டும் விசாரிக்காமல், ‘இந்த நிறுவனம் எந்தெந்த வழியில் சம்பாதிக்கிறது?’ என்றும் விசாரித்துக்கொள்ளும்படி இளைஞர்களுக்குச் சொல்வேன். பதில் தெளிவாக வராவிட்டால் வேறு இடம் பார்க்கலாம்.

கணக்கோடு சேர்த்துப் பழக வேண்டியது கட்டடத்தைக் காலால் அளப்பது. இங்கே ஒரு பழைய முன்னோடியைக் குறிப்பிடத் தோன்றுகிறது. லண்டனில் 1865-இல் எழுத்தாளர் ஜான் ரஸ்கின் வாங்கித் தந்த சில சிதைந்த வீடுகளை நிர்வகிக்கும் பொறுப்பை ஆக்டேவியா ஹில் என்ற பெண்மணி ஏற்றார். முதலீட்டுக்கு ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வருவாய் வர வேண்டும் என்பது ஏற்பாடு. வாரந்தோறும் வாடகை வாங்கப் போவதையே அவர் வீட்டைப் பார்வையிடும் சந்தர்ப்பமாகவும் ஆக்கிக்கொண்டார். தவணை தவறுவதை அவர் பொறுத்துக்கொண்டதில்லை. அதே சமயம், பழுதுபார்ப்புக்கென்று ஒதுக்கிய தொகையில் மீதம் இருந்தால், அதை எந்த மேம்பாட்டுக்குச் செலவிடலாம் என்று குடியிருப்பவர்களையே தேர்ந்தெடுக்க விட்டார். ஜன்னலை உடைக்காமல் பார்த்துக்கொள்வதில் அவர்களுக்கும் ஒரு லாபம் வந்துவிட்டது. பிறகு பல பெண்களை இந்த வேலைக்குப் பயிற்றுவித்தார். ஏழைகளிடம் அவர் காட்டிய கண்டிப்பு அளவுக்கு மீறியது என்ற விமர்சனம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் வசூலையும் ஆய்வையும் ஒரே ஆளின் ஒரே நடையில் இணைத்த முறை இன்றைக்கும் மாற்றமின்றிப் பொருந்தும். வாடகை இப்போது கைப்பேசி வழியே வந்துவிடுவதால், வீட்டு வாசலை மிதிக்காமலே ஓர் ஆண்டைக் கழிக்க மேலாளரால் முடிகிறது. குளியலறைச் சுவரில் ஈரம் ஏறுவதைக் கைப்பேசி சொல்லாது.

ஈரத்தையே எடுத்துக்கொள்வோம். கீழ்வீட்டுக் கூரையில் கறை தெரிகிறது. மேல்வீட்டுக்காரர் தன் வீட்டில் ஒன்றுமில்லை என்கிறார். கீழ்வீட்டுக்காரர் கோபமாக இருக்கிறார். பேச்சுத்திறனால் இருவரையும் ஒரு வாரம் சமாளிக்கலாம். வேலை தெரிந்தவர் மேல்வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடச் சொல்லிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார்ப்பார். மீட்டர் ஓடினால் அழுத்தத்தில் இருக்கும் குழாயில் கசிவு. ஓடாவிட்டால் கழிவுநீர்க் குழாயிலோ, குளியலறைத் தரையின் நீர்த்தடுப்பிலோ கோளாறு இருக்கலாம். தரைவடிகாலில் சாயம் கலந்த தண்ணீரை ஊற்றிவிட்டுக் கீழே காத்திருந்தால், சாயம் இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். சுவரை உடைப்பதற்கு முன்பே எங்கே உடைக்க வேண்டும், செலவு யாருடையது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடுகிறது. இதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. பிளம்பர் வரும்போது அலுவலகத்தில் உட்கார்ந்திராமல் அவர் கூடவே போய் நின்று பார்க்கும் வழக்கம் போதும்.

தீத்தடுப்பு அமைப்பும் அப்படித்தான். குழாயில் அழுத்தத்தைக் காத்துவைக்கும் சிறிய ஜாக்கி பம்ப் அடிக்கடி தானாக ஓடி நின்றால், எங்கோ கசிகிறது. பெரிய பம்பின் சுவிட்ச் ‘ஆட்டோ’வில் இல்லாமல் ‘மேனுவல்’ பக்கம் திரும்பியிருந்தால், எவரோ சோதனை செய்துவிட்டுத் திருப்பி வைக்க மறந்திருக்கிறார். தீப்பிடிக்கும் நேரத்தில் அது தானாக ஓடாது. தீத்தடுப்புக் கதவைத் திறந்தே வைக்க அதன் அடியில் செருகியிருக்கும் மரக்கட்டையைப் புதியவர் ஒவ்வொரு மாடியிலும் பார்ப்பார். காற்றோட்டத்துக்காக வைத்தோம் என்பார்கள். லண்டனில் 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்ககத்தில் 72 பேர் உயிரிழந்த தீவிபத்தில் முதன்மைக் குற்றவாளி வெளிச்சுவர்ப் பூச்சுத் தகடுகள்தான். ஆயினும், பல வீடுகளின் கதவுகளில் தானாக மூடும் சாதனம் இல்லாமலோ வேலை செய்யாமலோ இருந்தது புகை பரவ வழிவிட்டது என்று விசாரணை அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அந்தச் சாதனம் ஒரு கை நீளம்கூட இல்லாத சின்னப் பொருள். அது வேலை செய்கிறதா என்று பார்க்கக் கதவைத் திறந்து கையை விட்டால் போதும்.

சொன்னதைக் கேட்காத உரிமையாளர்களும் சங்கங்களும் இருப்பார்களே, அப்போது என்ன செய்வது என்று கேட்கலாம். இந்த வேலையின் கடினமான பகுதி அதுதான், கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் சர்ஃப்சைடு என்ற இடத்தில் சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத் என்ற பன்னிரண்டு மாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி 2021 ஜூன் 24 அதிகாலையில் இடிந்து விழுந்து 98 பேர் மாண்டார்கள். நீச்சல்குளத் தளத்தின் நீர்த்தடுப்பு பழுதாகியிருப்பதையும் கான்கிரீட் சேதமடைந்திருப்பதையும் 2018-இலேயே ஒரு பொறியாளர் எழுத்தில் கொடுத்திருந்தார். பழுதுபார்க்கத் தேவைப்பட்ட தொகை பெரியது. சேமநிதியில் இருந்தது சிறியது. யார் எவ்வளவு கொடுப்பது என்ற வாதத்தில் ஆண்டுகள் போயின. பின்னர் 2022-இல் அம்மாநிலம் சட்டத்தைத் திருத்தி, மூன்று மாடிக்கும் அதற்கு மேலும் உள்ள சங்கக் குடியிருப்புகள் கட்டமைப்புக்கான சேமநிதி ஆய்வு செய்துகொள்வதைக் கட்டாயமாக்கியது. மாதக் கட்டணத்தைக் குறைத்துக் காட்டும் நிர்வாகக் குழுவுக்கு எந்த ஊரிலும் கைதட்டல் கிடைக்கும். கூட்டச் சொல்பவர் தேர்தலில் தோற்பார். இவர்களுக்கு நடுவில் சம்பளத்துக்கு இருக்கும் மேலாளரிடம் வாக்கு இல்லை. அவரிடம் இருப்பது பேனா. ஒவ்வொரு பாகத்துக்கும் மிச்சமிருக்கும் ஆயுள் எவ்வளவு, மாற்ற என்ன செலவாகும், இப்போது கையிருப்பு எவ்வளவு என்ற அட்டவணையை ஆண்டுதோறும் குழுவின் முன் வைத்து, அதை ஏற்றதையோ தள்ளியதையோ கூட்டக் குறிப்பேட்டில் பதிய வைப்பது அவருடைய கடமை. இந்த அட்டவணையைத் தயாரிக்கக் கணக்கும் தெரிய வேண்டும், கட்டடமும் தெரிய வேண்டும். புதியவர் இரண்டையும் முதல் சில ஆண்டுகளில் பழகிவிட்டால், ஐந்தாம் ஆண்டில் குழுவினரே அவரைக் கலந்துகொள்ளாமல் முடிவெடுக்கத் தயங்குவார்கள்.

மனிதர்களைக் கையாள்வது முக்கியமில்லையா என்றால், முக்கியம்தான். ஆனால் அது பெரும்பாலும் நல்ல பதிவேட்டின் விளைவாக வருகிறது என்பது என் அனுபவம். வீட்டை ஒப்படைக்கும் நாளில் அறை அறையாகத் தேதியுடன் படம் எடுத்து, சாவிகளின் எண்ணிக்கை, மீட்டர் அளவு, ஏற்கெனவே இருக்கும் கீறல் வரை எழுதி இரு தரப்பும் ஒப்பமிட்டிருந்தால், காலி செய்யும் நாளில் முன்பணத்தைப் பற்றிய சண்டை பெரும்பாலும் எழுவதில்லை. இயல்பான தேய்மானத்துக்கும் சேதத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் புதியவர் அறிந்திருக்க வேண்டும். வெயிலில் மங்கிய சுவர் வண்ணம் தேய்மானம். உடைந்த கைகழுவும் தொட்டி சேதம். ஐந்து ஆண்டு தாங்கக்கூடிய வண்ணப்பூச்சு உள்ள வீட்டில் நான்கு ஆண்டு குடியிருந்தவரிடம், அவரே சுவரைக் கெடுத்திருந்தாலும், முழுப்பூச்சுச் செலவையும் பிடித்துக்கொள்வது நேர்மையாகாது. இதை உரிமையாளரிடம் எடுத்துச் சொல்லும் தைரியம் மேலாளருக்கு வேண்டும். சம்பளம் உரிமையாளரிடமிருந்து வருகிறது என்பதற்காக வாடகைதாரரை எதிராளியாக நடத்துபவர், காலியான வீட்டையும் நீதிமன்றப் படியையும் சேர்த்தே நிர்வகிக்க நேரும்.

தகுதிச் சான்றிதழ்களைப் பற்றி நிறைய எழுதத் தேவையில்லை. சில இடங்களில் உரிமம் இல்லாமல் இந்த வேலையில் கால் வைக்கவே முடியாது. கனடாவின் ஒன்டாரியோவில் 2017 நவம்பர் முதல் கொண்டோமினியம், அதாவது வீடுகள் தனித்தனி உரிமையாளர்களுக்குச் சொந்தமான அடுக்ககங்களின் மேலாளர்களுக்கு உரிமம் கட்டாயம். குறிப்பிட்ட அளவைவிடப் பெரிய குடியிருப்புச் சங்கங்களை நிர்வகிக்க ஃபுளோரிடாவிலும் அப்படியே. இங்கிலாந்தில் வாடகை முகவர்கள் வாடிக்கையாளர் பணத்துக்கான பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்திருப்பது 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாக இருக்கிறது. வேறு பல இடங்களில் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம். ஆகவே வேலை செய்யப்போகும் இடத்தின் சட்டத்தைப் படித்துவிட்டுத்தான் எந்தப் படிப்புக்குப் பணம் கட்டுவது என்று முடிவெடுக்க வேண்டும். சட்டம் கேட்காத சான்றிதழை வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டுகள் கழித்துப் பெற்றால், பாடத்தில் வரும் ஒவ்வொரு வரிக்கும் கண்முன் ஓர் உதாரணம் இருக்கும்.

எங்கே சேர்வது என்பதில் எனக்கு ஒரு சாய்வு உண்டு, அதை ஒளிக்கவில்லை. பெரிய நிறுவனத்தில் சேர்பவருக்குச் சீருடையும் பயிற்சிக் கையேடும் கிடைக்கும். ஆனால் ஒருவர் மூன்று ஆண்டுகள் புகார்களை மட்டும் பதிவு செய்துகொண்டிருப்பார், இன்னொருவர் வாகன நிறுத்தத்தை மட்டும் கவனிப்பார். நாணயமான ஒரு சிறிய அலுவலகத்தில், வாடகை வசூல் முதல் முன்பணம் திருப்புவது வரை, மோட்டார் பழுது முதல் ஆண்டுப் பொதுக்குழு வரை ஒரே ஆள் முழுச் சுழற்சியையும் ஓர் ஆண்டுக்குள் பார்த்துவிடுகிறார். சம்பளம் குறைவாக இருக்கலாம். கண்டிப்பான கணக்கர் ஒருவர் அங்கே இருக்கிறாரா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். நேர்காணல் செய்யும் பொறுப்பில் இருந்தபோது, வருபவர்களைக் கட்டடத்தை ஒருமுறை சுற்றி வரச் சொல்லிவிட்டு, கண்ணில் பட்டதை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்வது என் வழக்கமாக இருந்தது. வரவேற்பறையின் பளிங்கைப் புகழ்ந்து எழுதியவர்களும் உண்டு. படிக்கட்டில் எரியாத விளக்கையும் மூடி திறந்து கிடந்த தண்ணீர்த் தொட்டியையும் எழுதியவர்களும் உண்டு. பின்னவர்களில் சிலருக்குச் சரளமாகப் பேசவே வராது. அவர்களைத்தான் எடுத்தேன்.

நிறுவனம் நடத்துபவர்களிடமும் ஒரு வார்த்தை. புதிதாகச் சேர்ந்தவரிடம் முதல் வாரமே எண்ணற்ற வீடுகளின் பொறுப்பைக் கொடுத்து, மாதத்துக்கு இத்தனை புதிய உரிமையாளர்களைச் சேர்க்க வேண்டும் என்று இலக்கும் வைத்தால், அவர் ஆறு மாதத்தில் ஓடிவிடுவார், இல்லையென்றால் எதையும் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கற்றுக்கொள்வார். இரவு பதினொரு மணிக்கு லிஃப்டில் ஒருவர் சிக்கிக்கொண்டால், கதவை நெம்பித் திறக்கக் கூடாது, பராமரிப்பு நிறுவனத்தின் ஆள் வரும்வரை உள்ளே இருப்பவரிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதைக்கூட யாரும் சொல்லித் தராமல், அந்த நேரத்து அழைப்பை மட்டும் அவருக்குத் திருப்பிவிடுவது பயிற்சி ஆகாது. முதல் ஆண்டில் இரவு அழைப்புகளைக் குறைந்தபட்சம் ஒரு மூத்தவர் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

தங்கள் வேலை வழிகாட்டிப் பக்கத்தில் இத்துறையைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, சொத்துகளைக் கொண்டுவந்து சேர்ப்பவர்களோடு, கணக்கு எழுதுகிறவர், கட்டட மேற்பார்வையாளர், குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆகியோரையும் பேச வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வாடகைதாரர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. நல்ல மேலாளர் யார் என்று கேட்டால், உரிமையாளரைவிட அவர் விரைவாகவும் விவரமாகவும் சொல்வார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேலாளர் ஒருவர்